தொட்டுப் பார்க்கும் வேலை

கொள்ளை நோய் எங்கள் லைனுக்குள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் எல்லோரும் முழங்காலில் இருந்தபோது.

அப்போது எங்கள் சபைக்குக் கோவில் கிடையாது. தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளில் கடைசி வீடு உபதேசியாருடையது. அதன் முன்னறையில்தான் ஆராதனை. மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், கீழே சாணி மெழுகிய தரை. ஆண்கள் வாசல் பக்கம், பெண்கள் அடுப்படிப் பக்கம். உபதேசியார் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பவர்கள், இறங்கப்போகிறவர்கள், ஊரில் விட்டுவந்த தாய் தகப்பன், துரைமார், மேஸ்திரிகள், குடிகாரர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். அதற்குள் என் முழங்கால் மரத்துப்போகும். நான் கண்ணைப் பாதி திறந்துவிடுவேன்.

அன்றும் திறந்தேன். சுவரோரமிருந்து ஒரு எலி வந்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், அதற்குப் பயமே இல்லை. குடித்தவனைப்போலத் தள்ளாடி நடந்தது. ஓர் இடத்தில் நின்று தன்னைத்தானே சுற்றியது. பிறகு உபதேசியாருடைய மனைவியின் சேலைத் தலைப்புமேல் ஏறி, அங்கேயே சாய்ந்து, காலை நீட்டிவிட்டது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. புருஷன் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் போடுகிறவர் அல்ல அவர். எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வெளியே எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி என் பக்கத்தில் முழங்காலிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார். பெங்களூரில் எலிகள் செத்து விழுவதையும், அதற்குப் பிறகு மனிதர்கள் விழுவதையும் நாங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது ஒருவரும் அந்த எலியைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் வந்துவிடும் என்று நினைத்தோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் வட ஆற்காட்டுக்காரி. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றவள். கல்யாணமாகித் தங்கவயலுக்கு வந்தபோது என் புருஷன் பூமிக்கடியில் பாறையைத் துளைக்கும் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. கட்டுத் துணி துவைப்பது, கஞ்சி ஊட்டுவது, பெண்கள் வார்டைப் பார்த்துக்கொள்வது. வெடிமருந்து வெடித்துக் கை போனவர்கள், பாறை சரிந்து கால் நசுங்கியவர்கள் வருவார்கள். ஆரம்பத்தில் ரத்தத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஓடிவிடலாமா என்றிருந்தேன்.

ஒருநாள், கால் போன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். அவருடைய தெருவில் என் தகப்பனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். டிரஸ்ஸர் கட்டுப் போடும்போது அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அம்மா, அம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் தொட்டியில் கை கழுவும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு, மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸருக்கு என்று நான் என்னை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். அது வேண்டாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவும்போது, 'இவர் உம்முடையவர்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான் என் ஊழியம். ஆஸ்பத்திரியில் நான் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை.

எலி விழுந்த வாரத்திலேயே பாலகாட் சுரங்கத்துப் பக்கம் இரண்டு பேர் காய்ச்சலில் போனார்கள். பிறகு எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு கடைக்காரர். கம்பெனி உத்தரவு போட்டது. தினமும் காலையில் ஒரு லைன் என்று முறைவைத்து வீடுவீடாகப் போய் எல்லோரையும் சோதிக்கவேண்டும். நோய் கண்டவரை, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டுக்கு அப்பால் போட்டிருந்த தட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோகவேண்டும். வீட்டில் மற்றவர்களை வேறு கொட்டகையில் தனியாக வைக்கவேண்டும். பாய், தலையணை, கந்தல் எல்லாவற்றையும் கொளுத்தி, கூரையைப் பிரித்து, வெயில் உள்ளே விழும்படி விட்டுவிடவேண்டும்.

டிரஸ்ஸர் முதல்நாள் சோதிக்கப் போய்க் கல்லடி வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் டாக்டர் துரைக்குக் கீழே கட்டுப் போடுகிறவர். கோபக்காரர், ஆனால் வேலையில் சுத்தம். நெற்றியில் கட்டோடு என்னைத் தேடி வந்தார்.

"பொம்பளைங்களை நான் தொட முடியாது. நெறி கட்டியிருக்கான்னு அக்குள்ல, தொடையிடுக்குல பாக்கணும். ஒரு பொம்பளை வேணும்னு தொரை கேக்கறாரு. ஒருத்தியும் வரமாட்டேங்கறா" என்றார்.

"நான் இன்னா படிச்சிருக்கேன் டிரஸ்ஸரய்யா?"

"படிப்பு வாணாம். காய்ச்சல் தெரியும் உனக்கு. நெறி தெரியும். உண்மையச் சொல்லுவ. அது போதும்."

நான் வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன். "ஜனங்க உன்னைச் சும்மா வுடமாட்டாங்கமே" என்றார். நோயைப் பற்றி அவர் சொல்லவில்லை. தினம் பூமிக்குள் இறங்குகிறவர், சாவைப் பற்றி வீட்டில் பேசமாட்டார்.

உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். அவர் எனக்குச் சொன்னதை நான் இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன்.

"போ தங்கச்சி. நான் வாயால சொல்றத நீ கையால செய்யப் போற. தொடக்கூடாதவங்கள நம்ம ஆண்டவர் தொடலியா? இது ஊழியம்" என்றார். என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்து, "முக்காடு போட்டுக்கிட்டுப் போ. வெயிலு" என்றார்.

வேலை ஆரம்பமானது. விடிந்து சங்கு ஊதி, காலை ஷிப்டு ஆட்கள் போன பிறகு நாங்கள் கிளம்புவோம். டிரஸ்ஸர், பின்னால், கை கழுவும் கார்பாலிக் மருந்து வாளியோடு நான், அதற்குப் பின்னால் டோலி தூக்குகிற ஆட்கள். நாங்கள் லைன் முனையில் திரும்பும்போதே கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்கும். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று எங்களுக்கு முன்னால் அந்தச் சத்தம் ஓடும்.

பெண்களைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்ப்பேன். சிலர் அழுவார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பார்கள். ஒரு மேஸ்திரியின் மனைவி, "நீ என்னைத் தொடவா? உங்க கை பட்ட தண்ணிய நாங்க குடிக்கமாட்டோம், தெரியுமில்ல?" என்றாள். "தெரியும்மா. கையத் தூக்குங்க" என்றேன். அவளுக்கு நோய் இல்லை. நான் வெளியே வந்ததும் நான் நின்ற இடத்தில் அவள் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. சில நாள் கழித்து அவள் மகளுக்கு நெறி கட்டியது. அந்தப் பெண்ணை நான்தான் டோலியில் ஏற்றினேன். அன்று தாய்க்காரி ஒன்றும் தெளிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

டோலியில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. அதனால் எனக்கு ஒரு பெயர் வந்தது. எமன் ஆயா. பிள்ளைகள் அதைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். நான் கை வைத்தால் நெறி கட்டும் என்று பேச்சு பரவியது. கொட்டகையில் ஆட்களைக் கொன்று மருந்து எடுக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி என்றும் சொன்னார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். ஒரு காலையில் என் வாசற்படியில் யாரோ கரியால் சிலுவை போட்டு அதன்மேல் துப்பியிருந்தார்கள். என் புருஷன் அதைக் கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

சபையிலும் அப்படித்தான். நான் பாயில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்வார்கள். பாய்க்கு நடுவில் நான் தனியாக இருப்பேன். உபதேசியாரம்மா மட்டும் வந்து என் தோளை ஒட்டி உட்கார்வார்.

ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள். மூட்டை முடிச்சோடு வேலூர்ப் பக்கம் நடந்தே போனார்கள். ஆள் இல்லாமல் எங்கள் பக்கத்து மில்லில் தங்கக் கல் இடிக்கும் இரும்பு உலக்கைகள் நின்றன. அந்த உலக்கைகளின் இடி எங்களுக்கு மூச்சு மாதிரி. பகலும் இரவும் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும், நாங்கள் அதைக் கேட்பதுகூட இல்லை. அது நின்ற மத்தியானம் லைன் முழுக்க வெளியே வந்து நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரோ ஒரு பெண், "பூமி செத்துப் போச்சா?" என்று கேட்டாள். அதுவரை கேட்காத சத்தங்கள் அப்போது கேட்டன. எங்கோ நாய் ஊளையிட்டது. மண்மேட்டுக்கு அப்பாலிருந்து யாரோ தாயைக் கூப்பிட்டுக் கத்தினார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரம்மா ஆராதனையில் இல்லை. "ஊருக்குப் போயிருக்கா. அவ அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியாம்" என்றார் உபதேசியார். முகம் வாடியிருந்தது. அன்று அவர் ஜெபம் சின்னதாக இருந்தது. ஆனால் பாட்டு அதிகம். ஒரு கீர்த்தனை முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினார். "சத்தமாப் பாடுங்க, இன்னும் சத்தமா" என்று கையை உயர்த்தினார். மில்லின் இடி இல்லாத அமைதியில் எங்கள் பாட்டு லைன் முழுக்கக் கேட்டிருக்கும். பயத்தில் இருந்த நாங்களும் தொண்டை கிழியப் பாடினோம். பாடும்போது கொஞ்சம் தைரியம் வந்தது. முடிந்ததும் வாசலில் நின்று அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பிடித்து அனுப்பினார்.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, முறைப்படி எங்கள் சோதனை அவர் வீட்டுக்கு வந்தது. கடைசி வீடு என்பதால் எப்போதும் வெயில் ஏறிய பிறகுதான் அங்கே போவோம். உபதேசியார் வாசலை அடைத்தாற்போல நின்றார். கையில் வேதப்புத்தகம்.

"ஸ்தோத்திரம் டிரஸ்ஸரய்யா. வூட்ல நான் ஒருத்தன்தான். எனக்கு ஒண்ணுமில்ல, பாத்துக்குங்க" என்று கழுத்தைக் காட்டினார்.

டிரஸ்ஸர் அவர் நாடியைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டார், சரி என்று திரும்பிவிட்டார். அவர் இந்துதான். ஆனால் உபதேசியார் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அந்த வீட்டிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. எங்கள் சபையில் சாம்பிராணி கூடாது. அதை ஏற்றுகிறவர்களை உபதேசியாரே கண்டிப்பார். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. கொட்டகைக்குப் போய்வருகிறவர்களுக்கு அது தெரியும்.

என் கால் நகரவில்லை. வாளியின் கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. இந்த வீட்டை விட்டுவிட்டு நாளைக்கு அடுத்த வீட்டில் ஒரு கூலிக்காரன் மனைவியை நான் எப்படி டோலியில் ஏற்றுவேன்? இந்த அம்மாவை ஏற்றினால் அப்புறம் சபையில் எந்த முகத்தோடு உட்காருவேன்? இரண்டையும் நினைத்தேன். நினைத்ததில் ஒன்றும் விடியவில்லை. பழக்கம் இருக்கிறதே, அதுதான் என்னைப் பேசவைத்தது. எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் சொன்னேன்.

"ஐயா, உள்ள பாக்கணும்."

"இன்னா பாக்கணும் தங்கச்சி? நான்தான் சொல்றனே."

"எல்லா வூட்லயும் பாக்கறேன். இங்கயும் பாக்கணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். டிரஸ்ஸருக்குக் கேட்கக்கூடாது என்று. "நான் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணித்தானே உன்னை இந்த வேலைக்கு அனுப்பினேன்?"

"ஆமாங்க ஐயா. நீங்கதான் அனுப்பினீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மேலே கொண்டுவரும்போது அவர்கள் முகம் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. அதே நேரம் உள்ளே ஏதோ பித்தளைப் பாத்திரம் உருண்டு விழுந்தது. டிரஸ்ஸர் திரும்பிப் பார்த்தார். உபதேசியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒதுங்கினார்.

முன்னறையைத் தாண்டி ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்திருந்தார். அதற்குப் பின்னால் விறகுக் கட்டுகளை அடுக்கி, அந்த மறைவில் அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தார். அம்மா சுத்தமான துணி உடுத்தியிருந்தார். தலைவாரிப் பின்னியிருந்தது. ஆண் கை போட்ட பின்னல், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. பக்கத்தில் வேப்பிலை, கஞ்சிக் கிண்ணம், ஈரத்துணி. ஒரு மனிதன் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருந்தான்.

"யாரு?" என்றார் அந்த அம்மா. கண் இரண்டும் செக்கச்சிவந்திருந்தன.

"நான்தாம்மா."

"கை வெக்கப் போறியா?"

"ஆமாம்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவு கட்டியிருந்தது. என் விரல் பட்டதும் அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே உபதேசியார் சுவரில் முட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

அந்தச் சேலைத் திரையைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. இந்தத் துணிக்கு இந்தப் பக்கம் அவர் முனகிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கம் நாங்கள் பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்த முனகல் கேட்காதபடி பாடியிருக்கிறோம்.

"எத்தினி நாளா?" என்று டிரஸ்ஸர் கேட்டார். உபதேசியார் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இங்க எத்தினி பேரு வந்தாங்க? சொல்லுங்கய்யா, வந்தவங்க எல்லாரையும் பாக்கணும்."

"அங்க யாரும் பாடமாட்டாங்க" என்றார் உபதேசியார். வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. "அந்தக் கொட்டாயில. நாய் மாதிரி சாவாங்க. அவ அப்படிச் சாகக்கூடாது. அதான்."

டோலியில் ஏற்றினோம். உபதேசியாரைத் தனிக் கொட்டகைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தது. கணவனும் மனைவியும் ஒரே கொட்டகையில் இருக்க முடியாது, அது சட்டம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானே டிரஸ்ஸரிடம், "நான் அம்மாகூட இருக்கேன்" என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு டோலிக்குப் பின்னால் நடந்தேன்.

லைன் முழுக்க எங்களைப் பார்த்தது. கதவிடுக்குகளில் கண்கள். சபையைச் சேர்ந்த ஒரு பெண், "நம்ம உபதேசியாரையே காட்டிக் கொடுத்துட்டியா?" என்று கேட்டாள். நான் நிற்கவில்லை.

கொட்டகைக்குள் போகிறவர்கள் வெளியே வர டாக்டர் துரை அனுமதிக்கவேண்டும். சாயங்காலம் என் புருஷன் ஷிப்டு முடிந்து, உடம்பெல்லாம் சேறோடு, முள்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாமே இது? பைத்தியமா உனக்கு? வந்துடு."

"அந்தம்மாவுக்கு ஆளில்லீங்க."

வேலிக்குப் பக்கமாக இன்னும் நெருங்கி வந்தார். பிறகு கேட்டார். "நான் கேஜ் கூண்டுல உள்ள இறங்கறப்ப நீ வூட்ல இன்னா பண்ணுவே?"

"ஜெபம் பண்ணுவேன்."

"சரி. அப்போ நான் அதைப் பண்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஆராதனையில்கூட வாயைத் திறக்காத மனிதர் அவர். நான் கொட்டகையில் இருந்த நாளெல்லாம் அதே நேரத்துக்கு வந்து வேலிக்கு அப்பால் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

கொட்டகையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. வரிசையாக மூங்கில் கட்டில்கள். சுண்ணாம்பு, கார்பாலிக், அதற்கு மேல் அந்த இன்னொரு வாசனை. காய்ச்சல் ஏறியவர்கள் எழுந்து ஓடுவார்கள், பிடித்துக் கட்டவேண்டும். தகரத்தின் மேல் காகங்கள் நடக்கும் சத்தம் நாள் முழுக்க. அந்த அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் மேஸ்திரியின் மகள் இருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஏன் அவள் பிழைத்தாள், ஏன் இவர் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பேரையும் ஒரே கையால்தான் தொட்டேன்.

உபதேசியாரம்மா ஒரு மத்தியானத்தில் போனார். நான் அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினேன். கேட்டாரா என்று சொல்ல முடியாது. மண்மேட்டுக்கு அப்பால் சுண்ணாம்பு போட்ட குழி தயாராக இருந்தது. பெட்டி கிடையாது, பாய்தான். தூக்கியவர்கள் அவசரப்பட்டார்கள். ஜெபிக்க உபதேசியார் இல்லை, சபையார் யாரும் இல்லை. அடக்கம் பண்ணும்போது பெண்கள் ஜெபிப்பது எங்களில் வழக்கமும் இல்லை. நான் வாய்விட்டு ஆரம்பித்தேன், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. "இவங்க உம்முடையவங்க" என்று மட்டும் சொன்னேன். மண்வெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதானா என்பதுபோல. அவ்வளவுதான் என்று தலையசைத்தேன்.

மறுநாள் டாக்டர் துரையிடம் அனுமதி வாங்கி, தனிக் கொட்டகைக்குப் போய் வெளியே நின்று உபதேசியாரைக் கூப்பிட்டேன். அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். முகச்சவரம் இல்லாமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு வந்து நின்றார்.

"கடைசில அவ இன்னா சொன்னா?"

அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சபையில் யார் இறந்தாலும் அவர்களுடைய கடைசி வார்த்தையை அவர் பிரசங்கத்தில் சொல்வார். ஆண்டவர் பெயரைச் சொல்லி, சிரித்த முகத்தோடு போனார்கள் என்பார். அப்படி ஒன்றை நான் கொடுத்திருக்கலாம். அவருக்கு அது ஆயுசுக்கும் போதுமாக இருந்திருக்கும்.

"தண்ணி கேட்டாங்க ஐயா" என்றேன்.

"ஆண்டவர் பேரைச் சொல்லலியா?"

"இல்லீங்க. காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னுதான் கேட்டாங்க."

"குடுத்தியா?"

"குடுத்தேங்க. கேட்டப்பல்லாம் குடுத்தேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார். நான் போகத் திரும்பியபோது, "அங்க தண்ணி யாரு தூக்கறாங்க?" என்று கேட்டார். சரியான ஆள் இல்லை என்றேன். தூக்க வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

தனிக் கொட்டகையிலிருந்து அவரை விடுவித்த அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. போக வீடும் இல்லை, கூரையைப் பிரித்திருந்தார்கள். மண்ணெண்ணெய்த் தகர டின்களைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நேராக நோயாளிகள் கொட்டகைக்கு வந்தார். ஒவ்வொரு கட்டிலாகத் தண்ணீர் கொடுத்தார். யாருக்கும் வேதம் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை. எங்கள் கைகள் ஒரே டம்ளரை மாற்றி மாற்றி வாங்கும், கண்கள் பார்த்துக்கொள்ளாது.

அந்த ஞாயிறு எங்களோடு பாடியவர்களில் சில குடும்பங்கள் அந்தக் கொட்டகைக்கு வந்தன. அவர்களுக்கு அந்த வீட்டில்தான் நோய் ஒட்டியதா, வேறு எங்காவதா, யாராலும் சொல்ல முடியாது. உபதேசியார் மட்டும் நிச்சயமாக நம்பினார். ஒரு தாயும் கைக்குழந்தையும் அடுத்தடுத்துப் போன நாளில், அவர் டின்களைக் கீழே வைத்துவிட்டு மண்மேட்டைப் பார்த்து அப்படியே நின்றார். டிரஸ்ஸர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

கோடை வெயில் ஏற ஏற நோய் இறங்கியது. மில் உலக்கைகள் மறுபடி இடிக்கத் தொடங்கின. பெங்களூரிலிருந்து மிஷன் துரை வந்து சபையாரை ஒரு மரத்தடியில் கூட்டினார். உபதேசியார் எழுந்து நடந்ததையெல்லாம் அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜனங்கள் அவருக்காக அழுதார்கள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர், பாவம், மனைவிமேல் வைத்த அன்பால் செய்தார் என்று அவர்களுக்குப் புரிந்தது. நான் எதனால் செய்தேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊருக்குப் போகிறேன் என்றார். அந்தச் சமயத்தில் எனக்கு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் வேலை. ரயிலில் வருகிற பெண்களையும் போகிற பெண்களையும் பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தித் தொட்டுப் பார்த்து அனுப்பவேண்டும். ஆண்கள் வரிசையை டிரஸ்ஸர் பார்ப்பார். உபதேசியார் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். டிரஸ்ஸர் அவரைச் சோதித்தபோது அன்றைக்குப்போலவே கழுத்தைக் காட்டினார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"நான் அன்னிக்கு உன்னை அனுப்பினேனே" என்றார். "அது உண்மைதான் தங்கச்சி. அப்போ நான் பொய் சொல்லல."

"தெரியுங்க ஐயா."

"நீ என்னை வெறுக்கறியா?"

"இல்லீங்க. நீங்க?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "சில நாளு" என்றார். அந்தப் பதிலுக்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார், ஆனால் வெளியே பார்க்கவில்லை.

ரயில் போன பிறகு பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாளியில் கையை முக்கி எடுத்துக்கொண்டு திரும்பினேன். முதலில் நின்றவள் இளவயசுக்காரி, நன்றாக உடுத்தியிருந்தாள், இடுப்பில் குழந்தை. நோய் போய்விட்டது என்று கம்பெனியே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பெயருக்குத்தான் அந்தச் சோதனை. நான் அவள் கழுத்தில் கை வைத்தேன். சுட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. "வெயில்லயே வந்தேம்மா, அதான்" என்றாள், சிரிக்கப் பார்த்தபடி.

"இருக்கும்மா" என்றேன். "குழந்தைய இப்படிக் குடுங்க. இந்தப் பக்கம் வாங்க."